பத்து நிமிடத்துக்கு ஒரு திருடன்

அத்தியாயம் 4

"திருடன் இப்பத்தான் வந்துட்டுப் போனான். இன்னும் பத்து நிமிஷத்துல மறுபடி வருவான். உட்காருங்க, டீ சொல்றேன்" என்றாள் வரவேற்பறைப் பெண்.

ரேடியோ, அண்ணியைப் பார்த்தான்.

"பஸ்கூட இவ்வளவு கரெக்டா வர்றதில்ல அண்ணி. திருடன்னா இப்படி இருக்கணும். என்ன ஒழுக்கம்!"

"வால்யூமைக் குறை" என்றாள் அண்ணி.

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. வாயை மூடத் தெரியாதவனுக்கு ஊரே சேர்ந்து வைத்தது. இன்ஷூரன்ஸ் விற்கப் போன வீட்டில், பாலிசி எடுக்கச் சம்மதித்த மனிதரை மேலும் ஒரு மணி நேரம் பேசி மனம் மாற வைத்தவன். வேலை போன மறுநாளே, அண்ணன் மனைவி நடத்தும் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்துவிட்டான். சேர்த்துக்கொண்டார்களா என்று யாரும் கேட்கவில்லை.

அண்ணி பேசுவது குறைவு. ஒரு காலத்தில் தொலைபேசி நிலையத்தின் பழுதுப் பிரிவில் வேலை பார்த்தவள். "போன் செத்துப்போச்சு" என்று புலம்புகிறவர்களிடம் கேட்டுக் கேட்டு ஒரே ஒரு கேள்வி அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டது: "கடைசியா எதை மாத்துனீங்க?" தொழில் மாறிய பிறகும் அந்தக் கேள்வியை அவள் மாற்றவில்லை. வாடிக்கையாளர்களும் இரண்டாவது சந்திப்பிலேயே அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். ரேடியோவிடமிருந்து தொற்றிக்கொள்ளும் வியாதி அது.

இன்றைய வாடிக்கையாளர் ஒரு பூட்டுக் கம்பெனி. மூன்று கண்டங்களில் கதவுகளைச் சாத்தி வைத்திருக்கும் கம்பெனி. அந்தக் கம்பெனியின் மெயில் சர்வர் கதவைத்தான் எவனோ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிக்கொண்டிருந்தான்.

வரவேற்பறைச் சுவரில் கட்டில் அகலத்துக்கு ஒரு டி.வி. அதில் உலக வரைபடம். வரைபடத்தில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி, சாப்பாட்டுத் தட்டு சைஸில்.

"உங்க கிளையா?" என்று கேட்டான் ரேடியோ.

"ஐயோ, இல்லீங்க. அதுதான் தாக்குதல். ஒவ்வொரு தடவை திருடன் வரும்போதும் 'டிங்'னு சத்தம் கேட்கும், புள்ளி கொஞ்சம் பெருக்கும்."

"தாக்குதலுக்கு எதுக்கு பச்சை?"

"எம்.டி. உத்தரவு. சிவப்பைப் பார்த்தா வேலை செய்யறவங்களுக்கு மனசு சோர்ந்து போகுதாம். இந்தக் கட்டடத்துல எங்கயும் சிவப்பு விளக்கு எரியக் கூடாது. எரிஞ்சா மேல பச்சை ஸ்டிக்கர் ஒட்டிடணும்."

ரேடியோ சுற்றிலும் பார்த்தான். பிரிண்டரில் பச்சை. தண்ணீர் மெஷினில் பச்சை. லிஃப்ட் மேலே போனாலும் பச்சை, பாதியில் நின்றாலும் பச்சை.

"அண்ணி, நம்ம ஆபீஸுக்கும் ரெண்டு ஸ்டிக்கர் கேளுங்க. அண்ணன் கோவமா வர்றப்போ மூஞ்சில ஒட்டிடலாம்."

அண்ணி அந்தப் பச்சைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

*

எம்.டி.யை எல்லாரும் முகத்துக்கு நேரே சார் என்றும், முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை என்றும் சொன்னார்கள். இரண்டுமே உண்மை. கம்பெனியை உருவாக்கி இன்றும் சேர்மனாக இருக்கும் பெரியவருக்கு ஒரே மகள். அவளைக் கட்டியவர் இவர். படித்தது கால்நடை மருத்துவம். கல்யாணமான கையோடு மாமனார் கொண்டுவந்து இந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். நாற்காலி பெரியது. அதில் அவர், வேறு யாருக்கோ தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டவர் மாதிரி இருந்தார்.

பக்கத்தில் பாதுகாப்பு ஆலோசகர். அவருடைய டை அவருக்கு முன்பே கைகுலுக்க வந்தது.

"யாரோ என் மெயில் பெட்டிக்குள்ள நுழையப் பார்க்கறாங்க" என்றார் மாப்பிள்ளை. "என் பேரைப் போடறான். பாஸ்வேர்டு தப்பாப் போடறான். சர்வர் விரட்டுது. பத்து நிமிஷத்துல மறுபடி வந்து நிக்கறான்."

ஆலோசகர் ஒரு காகிதக் கட்டைத் தூக்கிக் காட்டினார். "சர்வர் எழுதி வெச்ச பதிவு. எல்லாம் ஒரே வரி. 'கடவுச்சொல் தவறு, கடவுச்சொல் தவறு.' இன்னொரு விஷயம், அவன் வெளியேருந்து வரல. இந்தக் கட்டடத்துக்குள்ளதான் இருக்கான்."

"யார்னு தெரிஞ்சுதா?"

"தெரியாம என்ன? மெயில் சர்வரைப் பார்த்துக்கற பொண்ணு. போஸ்ட்மாஸ்டர்னு கூப்பிடுவாங்க. எம்.டி. மெயிலைப் படிக்க அவளைவிட்டா யாருக்கு ஆசை வரும்?"

"மூணு மணிக்கு மீட்டிங்" என்றார் மாப்பிள்ளை, யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிற குரலில். "மாமா போன்ல கலந்துக்கறார். மீட்டிங்ல அவளை வேலையைவிட்டு நீக்கறோம். அப்புறம் போலீஸ் புகார். வெளியாள் ஒருத்தர் விசாரிச்சுச் சொன்னா புகார் கெட்டியா இருக்கும்னு மாமா சொன்னார். அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

"அதாவது தீர்ப்பு ரெடி. விசாரணை மட்டும்தான் பாக்கி" என்றான் ரேடியோ.

அண்ணி அவன் காலை மிதித்துவிட்டு, "இந்தத் தொல்லை எப்போ ஆரம்பிச்சுது?" என்றாள்.

"போன மாசம்."

"அதுக்கு முன்னாடி கடைசியா எதை மாத்துனீங்க?"

"எதையும் மாத்தல" என்றார் ஆலோசகர். "மாசா மாசம் எல்லாரும் பாஸ்வேர்டை மாத்தணும், அது நான் வந்ததிலேருந்து இருக்கற விதி. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி புதுசா ஒரு காவல் பெட்டி வெச்சோம். யாராவது தப்பான பாஸ்வேர்டு போட்டா அது உடனே கண்டுபிடிச்சு எச்சரிக்கை மெயில் அனுப்பும். அவ்வளவுதான்."

"அது மாத்தினது ஆகாதா?"

"மேடம், அது மேம்படுத்தினது."

"சரி. அந்தப் பெட்டி இதுவரைக்கும் எத்தனை எச்சரிக்கை அனுப்பியிருக்கு?"

ஆலோசகர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஒண்ணுகூட இல்ல. அந்த அளவுக்குப் பாதுகாப்பு."

ரேடியோவுக்கு வாய்வரை ஏதோ வந்தது. அண்ணியின் செருப்பு இன்னும் அவன் காலின் மேலேயே இருந்ததால் விழுங்கிவிட்டான்.

*

போஸ்ட்மாஸ்டரை எழுதுபொருள் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். எதிரே ஒரு செக்யூரிட்டி. போஸ்ட்மாஸ்டருக்கு முப்பது வயது இருக்கும். அழுது வீங்கிய முகத்தை எதிர்பார்த்துப் போன ரேடியோவுக்கு ஏமாற்றம். அவள் கொதித்துக்கொண்டிருந்தாள்.

"நான் அவர் மெயிலைப் படிக்கணும்னா எனக்குப் பாஸ்வேர்டு எதுக்குங்க? சர்வரே என் கையில இருக்கு. தபால் ஆபீஸ்ல வேலை பார்க்கறவன் ஒரு கடிதத்தைத் திருடணும்னா, வீட்டு வாசல்ல போய்ப் பெட்டியை உடைப்பானா?"

"இதை அவங்ககிட்டச் சொன்னீங்களா?" என்றாள் அண்ணி.

"சொன்னேன். 'ரெண்டு வழியிலயும் திருட முடியும்னு ஒத்துக்கிட்டார்'னு எழுதிக்கிட்டாங்க."

ரேடியோ சிரித்துவிட்டான். அவள் முறைத்ததும் நிறுத்திக்கொண்டான்.

"உங்களுக்குச் சிரிப்பு. அடுத்தவங்க மெயிலை எட்டிப் பார்த்தவள்னு ஒரு தடவை பேர் வந்துட்டா, அப்புறம் எந்தக் கம்பெனியும் என்னை வாசப்படி ஏத்தாது. விஷம் வெச்ச சமையல்காரியை யாராவது சேர்ப்பாங்களா? எனக்குத் தெரிஞ்சதே இந்த ஒரு வேலைதான். வீட்ல அவர்கிட்ட ஏதோ மீட்டிங்னு சொல்லிட்டு வந்திருக்கேன். மூணு மணிக்கு மேல என்ன சொல்லப் போறேன்னு தெரியல." சொல்லி முடித்தவள் அலமாரியிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்து, காரணமே இல்லாமல் இரண்டு முறை அழுத்தினாள்.

"எந்த மெஷின்லேருந்து தட்டறான்னு பதிவுல தெரியாதா?"

"முன்னாடி தெரியும். இப்போ எல்லா மெஷினும் அந்தக் காவல் பெட்டி வழியாத்தான் சர்வருக்கு வரணும். எல்லாரும் ஒரே வாசல்ல வர்றதால எல்லாருக்கும் ஒரே விலாசம்தான் விழுது. எம்.டி. வந்தாலும் அதே. எலி வந்தாலும் அதே."

"ஞாயித்துக்கிழமை வர்றானா?"

"வர்றான்."

"சாப்பாட்டு நேரத்துல?"

"வர்றான்."

"பாத்ரூம்கூடப் போகாத திருடன்" என்றான் ரேடியோ. "அண்ணி, இவனுக்கு வேலை போட்டுக் கொடுத்தா கம்பெனி எங்கேயோ போயிடும்."

"அதைத்தான் நானும் யோசிக்கறேன்" என்று எழுந்தாள் அண்ணி. "இது மனுஷன் இல்ல, மெஷின். ஆனா திருட்டு மெஷினும் இல்ல. திருட வர்றவன் கொத்துச் சாவியோட வந்து கண்ணிமைக்கற நேரத்துல நூறு சாவியைப் போட்டுப் பார்ப்பான். இது ஒரு தடவை தட்டுது. திறக்கலேன்னா பத்து நிமிஷம் மரியாதையா வெளியில நிக்குது. மறுபடி ஒரு தடவை தட்டுது. யாரு இப்படித் தட்டுவா?"

"மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை."

"வீட்டுக்காரன்டா! பூட்டை மாத்தினது தெரியாம, பழைய சாவியை வெச்சுக்கிட்டு நிக்கற வீட்டுக்காரன்."

போஸ்ட்மாஸ்டர் ஸ்டேப்ளரைக் கீழே வைத்தாள்.

"எம்.டி.யோட பழைய பாஸ்வேர்டு எங்கயோ மாட்டிக்கிட்டு இருக்குன்னு சொல்றீங்களா? அவர் போன், லேப்டாப் ரெண்டையும் நானே பார்த்தேனே. ரெண்டுலயும் புதுசுதான் இருக்கு."

"மூணாவது ஒண்ணு இருக்கும். சர்வர் ரூமைக் காட்டுங்க."

செக்யூரிட்டி எழுந்து நின்றார். "இந்தம்மாவை உள்ளே விடக் கூடாதுன்னு உத்தரவு."

"விட வேண்டாம். நீங்க கூட்டிட்டு வாங்க" என்றான் ரேடியோ. "விடறது வேற, கூட்டிட்டு வர்றது வேற." செக்யூரிட்டி அதை ஆற அமர யோசித்து, சரியென்று தலையாட்டினார்.

சர்வர் அறை குளிர்ந்து கிடந்தது. கறுப்பு அலமாரிகள் முழுக்கக் குட்டிக் குட்டி விளக்குகள். அத்தனையும் பச்சை.

"பார்த்தாலே நிம்மதியா இருக்கு அண்ணி."

"அதான் பயமா இருக்கு. எந்த சர்வர் ரூமும் இவ்வளவு நிம்மதியா இருக்காது." அவள் போஸ்ட்மாஸ்டர் பக்கம் திரும்பினாள். "காவல் பெட்டி எது?"

போஸ்ட்மாஸ்டர் காட்டினாள். செங்கல் அளவு பெட்டி. நெற்றியில் பச்சை. "அதைத் தொடற அனுமதி எனக்கே இல்ல. ஆலோசகர் மட்டும்தான் திறப்பார்."

அண்ணி பெட்டியைத் திறக்கவில்லை. அதன் நெற்றியில் நகத்தை வைத்து மெதுவாகச் சுரண்டினாள். ஸ்டிக்கர் உரிந்து வந்தது. உள்ளே ரத்தச் சிவப்பில் ஒரு விளக்கு, பல நாள் அழுத கண் மாதிரி.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிவப்பு படபடவென்று துடித்தது. அதே நொடியில் தாழ்வாரத்துக் கோடியிலிருந்து வரவேற்பறை டி.வி.யின் சத்தம் கேட்டது.

டிங்.

"திருடன் வந்துட்டான்" என்றார் செக்யூரிட்டி, கைக்கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டே.

*

மூன்று மணி. நீள மேஜை. துறைத் தலைவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேஜை நடுவே ஸ்பீக்கர் போன். அதிலிருந்து பெரியவரின் இருமல் கேட்டது. கதவோரம் போஸ்ட்மாஸ்டர், பக்கத்திலேயே செக்யூரிட்டி.

அண்ணி தான் பார்த்ததைச் சொன்னாள். ஆலோசகர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மேடம், திருடன் வர்றப்போ காவல்காரன் விசில் ஊதறான். நீங்க விசில் சத்தம் கேட்டதை வெச்சுக் காவல்காரனையே திருடன்னு சொல்றீங்க. பெட்டி துடிக்கத்தான் செய்யும். அதுக்காகத்தான் வெச்சிருக்கு."

மேஜை முழுக்கச் சிரித்தது. ரேடியோவின் முகம் சுருங்கியது. பதில் சரியாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

"நியாயம்" என்றாள் அண்ணி. "அப்போ ஒரு சின்னச் சோதனை பண்ணலாம். எம்.டி. சார் தன் பாஸ்வேர்டை, அந்தப் பெட்டி வந்தப்போ என்ன இருந்துதோ அதுக்கே ஒரு பத்து நிமிஷம் திருப்பி மாத்தட்டும். வர்றவன் திருடனா இருந்தா எதுவும் ஆகாது, வழக்கம்போலத் தோத்துட்டுப் போவான். பழைய சாவியோட நிக்கற வீட்டுக்காரனா இருந்தா கதவு திறந்துக்கும்."

"பழைய பாஸ்வேர்டை சர்வர் ஏத்துக்காது" என்றார் ஆலோசகர் அவசரமாக. "விதி."

"அந்த விதியை நான் தளர்த்த முடியும்" என்றாள் போஸ்ட்மாஸ்டர் கதவோரத்திலிருந்து. "ஒரு நிமிஷ வேலை. ஆனா கீபோர்டைத் தொடணும்."

அறை முழுவதும் மாப்பிள்ளையைப் பார்த்தது. மாப்பிள்ளை ஸ்பீக்கர் போனைப் பார்த்தார்.

"பண்ணிப் பார்க்கட்டும் மாப்பிள்ளை" என்றது போன். "அப்புறம் கோர்ட்ல கேள்வி வரக் கூடாது."

அவள் வந்து உட்கார்ந்தாள். செக்யூரிட்டி, புரியாத திரையை மிகுந்த பொறுப்போடு கண்காணித்தார். அவள் விரல்கள் நாலு தட்டுத் தட்டின. பிறகு எழுந்து, நாற்காலியை மாப்பிள்ளைக்கு விட்டாள்.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க" என்றார் மாப்பிள்ளை. துறைத் தலைவர்கள் பரீட்சை ஹாலில் மாட்டிக்கொண்டவர்கள் போலச் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். "அப்போ என்ன இருந்துது… ஏழா, எட்டா…" என்று அவர் முணுமுணுப்பது கேட்டது. பிறகு தட்டும் சத்தம்.

காத்திருந்தார்கள். யாரும் பேசவில்லை. ரேடியோவுக்கு அது சித்திரவதை. பக்கத்திலிருந்த கொள்முதல் தலைவரிடம், "பூட்டு பிஸினஸ்லயும் சாவி தொலையறது உண்டா?" என்று கிசுகிசுத்தான். அவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

மாப்பிள்ளையின் போன் ஒருமுறை சிணுங்கியது.

அவர் எடுத்துப் பார்ப்பதற்குள் இன்னொரு முறை. அப்புறம் நிற்கவே இல்லை. பக்கத்திலிருந்தவரின் போன். எதிரிலிருந்தவரின் போன். ஆலோசகரின் சட்டைப் பைக்குள் இருந்த போன். மேஜைமேல் கிடந்த போன்களெல்லாம் அடுப்பில் விழுந்த பூச்சி மாதிரி துடித்துக்கொண்டு ஓரத்தை நோக்கி நகர ஆரம்பித்தன. ஸ்பீக்கர் போனின் மறுமுனையில், பெரியவர் வீட்டிலும் ஏதோ சிணுங்கிக்கொண்டே இருந்தது.

"என்ன இது?" என்று கத்தினார் மாப்பிள்ளை.

"உங்க காவல் பெட்டி" என்றாள் அண்ணி. "போன மாசத்துலேருந்து அனுப்ப முடியாம அடக்கி வெச்சிருந்த எச்சரிக்கை எல்லாம் இப்போ வருது. மெயில் அனுப்ப அதுக்கு ஒரு கணக்கு வேணுமே. யார் கணக்கைக் கொடுத்தீங்க ஆலோசகர் சார்?"

ஆலோசகரின் டை முதல்முறையாகத் தளர்ந்தது. "அதிகாரம் உள்ள கணக்கா இருக்கட்டுமேன்னு… எம்.டி. சாரையே வந்து பாஸ்வேர்டு போடச் சொன்னேன்."

"போட்டார். அடுத்த மாசம் உங்க விதிப்படி மாத்திட்டார். பெட்டிக்கு யாரும் சொல்லல. அப்புறம் ஒருநாள் யாரோ பாஸ்வேர்டைத் தப்பா அடிச்சிருக்காங்க. பெட்டி அதைப் பிடிச்சுது. எச்சரிக்கை அனுப்பப் பழைய சாவியோட போச்சு. சர்வர் விரட்டுச்சு. அது இன்னொரு தப்பான பாஸ்வேர்டாப் பதிவாச்சு. அதையும் பெட்டியே பிடிச்சுது. பத்து நிமிஷம் கழிச்சு அதுக்கு இன்னொரு எச்சரிக்கை."

"கிணத்துக்குள்ள தலையை விட்டு 'யார்றா அது'ன்னு கத்தறவன் மாதிரி" என்றான் ரேடியோ. "உள்ளேருந்து 'யார்றா அது'ன்னு பதில் வருது. இவன் மறுபடி கத்தறான்."

"பெட்டி தன் கஷ்டத்தைச் சிவப்பு விளக்குப் போட்டுச் சொல்லிக்கிட்டேதான் இருந்துது. அதுமேலயும் ஸ்டிக்கர் ஒட்டிட்டீங்க."

"அப்போ…" மாப்பிள்ளையின் குரலில் நிம்மதிக்குப் பதில் ஒரு ஏக்கம் இருந்தது. "நம்மளை யாருமே தாக்கலையா?"

"யாருக்கும் நேரமில்ல சார்" என்றான் ரேடியோ ஆறுதலாக.

அப்போதுதான் ஸ்பீக்கர் போன் தொண்டையைச் செருமியது. பெரியவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, வந்த மெயிலை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தார்.

"எச்சரிக்கை. எம்.டி. கணக்கில்… தவறான கடவுச்சொல். முயற்சி செய்யப்பட்ட கடவுச்சொல்… வேண்டாம்… மாமா… எட்டு."

மேஜைமேல் போன்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

"அடுத்ததுலயும் அதேதான் இருக்கு. வேண்டாம் மாமா எட்டு. இதுலயும் வேண்டாம் மாமா. எல்லாத்துலயும் வேண்டாம் மாமா! யாரு மாப்பிள்ளை அந்த எட்டாவது மாமா?"

துறைத் தலைவர்கள் தத்தம் போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார்கள். ரேடியோ, ஆலோசகர் காதருகே குனிந்தான். "பாஸ்வேர்டையே எச்சரிக்கைல போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பற மாதிரி வெச்சீங்களா?"

"முழு விவரமும் இருந்தாத்தானே…" என்று இழுத்தார் ஆலோசகர். சட்டென்று அவர் முகம் பிரகாசமானது. எழுந்து நின்றார். "சேர்மன் சார்! இது அந்தப் பொண்ணு பண்ணின விஷமம். இப்போ கீபோர்டுல உட்கார்ந்தாளே, அப்போதான் ஏதோ பண்ணியிருக்கா. எம்.டி.யை உங்க முன்னால அவமானப்படுத்தணும்னு இப்படி ஒரு வார்த்தையை நுழைச்சிருக்கா!"

மேஜையைச் சுற்றி ஒரு பெருமூச்சு ஓடியது. எல்லாருக்கும் வசதியான பதில். மனிதவள அதிகாரி பேனா மூடியைக்கூடத் திறந்துவிட்டார்.

"அப்படியா?" என்றது போன். பெரியவரின் குரல் இறுகியிருந்தது. "மாப்பிள்ளை, நீங்க சொல்லுங்க. அவ வேலைதான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். போலீஸ் கமிஷனர்கிட்ட நானே பேசறேன்."

போஸ்ட்மாஸ்டர் சுவரோடு ஒட்டி நின்றாள். இவ்வளவு நேரம் இருந்த கொதிப்பெல்லாம் வடிந்துபோய், அவள் உதடு வெளுத்திருந்தது. அண்ணி தன்னிடம் இருந்த அத்தாட்சி எல்லாவற்றையும் காட்டியாகிவிட்டது. பாக்கி இருந்தது ஒன்றுதான். அது மாப்பிள்ளையின் வாய்க்குள் இருந்தது.

ரேடியோ வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நிமிடம் முழுதாக வாயை மூடிக்கொண்டிருந்தான்.

மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். துள்ளி அடங்கிய போன்களைப் பார்த்தார். பெரிய நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அவங்க எதுவும் பண்ணல மாமா. அது நான் வெச்சது."

"எது?"

"பாஸ்வேர்டு. முதல் மாசம் வேண்டாம் மாமா ஒண்ணு. அப்புறம் ரெண்டு. இவர் மாசா மாசம் மாத்தச் சொன்னார், நான் நம்பரை மட்டும் ஏத்திக்கிட்டே வந்தேன்."

 "எது வேண்டாம் மாப்பிள்ளை?" என்று கேட்டார் பெரியவர். அது சேர்மன் குரலாக இல்லை.

"இந்த நாற்காலி மாமா. நான் மாட்டு டாக்டர். ஒரு பசு உதைச்சா ஏன் உதைக்குதுன்னு எனக்குத் தெரியும். இங்கே எது உதைக்குது, ஏன் உதைக்குதுன்னு எனக்கு ஒண்ணும் புரியல. சிவப்பு விளக்கைப் பார்த்தாலே பயம். அதான் ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னேன். இப்போ அந்தப் பயத்துக்கு ஒரு பொண்ணோட பொழப்பைக் கொடுக்கப் பார்த்தேன்."

"இதை முதல்லயே என்கிட்டச் சொல்லியிருக்கலாமே!"

"உங்க முகத்தைப் பார்த்து எப்படி மாமா சொல்றது? தினமும் காலையில டைப் பண்ணிப்பேன்."

பெரியவர் இருமினார். பிறகு, "அந்தப் பொண்ணு அங்கே இருக்காளா?" என்றார். "அம்மா, நீ போய் உன் வேலையைப் பாரு. நாங்க பேசினதை மனசுல வெச்சுக்காதே. ஆலோசகர் இருக்காரா?"

இல்லை. அவர் நாற்காலி மட்டும் இருந்தது, லேசாகச் சுழன்றபடி.

"மாப்பிள்ளை, நீங்க வீட்டுக்கு வாங்க, பேசலாம்" என்றது போன். "வர்றதுக்கு முன்னாடி, சொல்ல வேண்டியதை எழுத்துல அனுப்பிடுங்க. நேர்ல வந்தா மறுபடி தலையாட்டிட்டுப் போயிடுவீங்க."

இணைப்பு அறுந்தது. துறைத் தலைவர்கள் ஓசைப்படாமல் வெளியேறினார்கள். செக்யூரிட்டி, போஸ்ட்மாஸ்டரின் அடையாள அட்டையைத் தன் பையிலிருந்து எடுத்து, சட்டையில் துடைத்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நேராகக் கணினி முன் போய் உட்கார்ந்தாள். தளர்த்திய விதியை இறுக்கினாள். காவல் பெட்டி மெயில் அனுப்பும் வழியை அடைத்தாள். திரையில் ஓடிக்கொண்டிருந்த வரிகள் ஒவ்வொன்றாக அடங்கின.

மாப்பிள்ளை லேப்டாப்பைத் திறந்து எதையோ தட்டினார். அழித்தார். மறுபடி தட்டினார். ஒரே ஒரு வரிதான் இருக்கும் என்று ரேடியோவுக்குத் தோன்றியது. எட்டிப் பார்க்கத் துடித்த கழுத்தை, அண்ணியின் கை பின்காலரைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தது.

"ஏம்மா" என்றார் மாப்பிள்ளை தயக்கத்தோடு. "மாமாவுக்கு ஒரு மெயில் அனுப்பணும். இப்போ அனுப்பினா போகுமா?"

போஸ்ட்மாஸ்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அனுப்புங்க சார். நான் பார்த்துக்கறேன்."